லிஸ்பன் பிச்சைக்காரியின் வைரங்கள்

எங்கள் அரங்கில் பிச்சைக்காரி வேஷத்துக்குத் தைத்த உடையில் மொத்தம் பதினான்கு ஒட்டுகள். எல்லாம் பாரிஸ் பட்டு. கிழிசல்கள் தாமாகக் கிழிந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் அளவெடுத்து வெட்டி, ஓரத்தை வெள்ளி நூலால் மடித்துத் தைத்தது எங்கள் தையலறை. அதை மாட்டிக்கொண்டு ஒருத்தி பீட்டர்ஸ்பர்க் தெருவில் நிஜமாகவே பிச்சை கேட்டிருந்தால், போலீஸ்காரன் சல்யூட் அடித்து வண்டி பிடித்துக் கொடுத்திருப்பான்.

என் பெயர் பெலகேயா. பாலே ஆடுகிற பெண்களுக்கு உடுத்திவிடுவது என் வேலை. கொக்கி மாட்டுவேன், இடுப்பு நாடாவை மூச்சு முட்ட இறுக்குவேன், பிறகு "சிரிச்ச முகமா போம்மா" என்று அனுப்பி வைப்பேன். இருபத்தேழு வருஷம் இதைத்தான் செய்தேன். சின்னப் பெண்கள் பலாஷா அத்தை என்பார்கள். பெரிய நட்சத்திரங்கள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதுகைத் திருப்புவார்கள், நான் கொக்கி மாட்டுவேன்.

நான் சொல்வது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில், அரங்கில் மின்விளக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். அப்போதெல்லாம் எந்த வேஷம் போட்டாலும் சொந்த நகையோடுதான் மேடையேறுவார்கள். ஆடு மேய்ப்பவள் வந்தாலும் வைரம், அடிமைப்பெண் வந்தாலும் வைரம். செத்துப் புதைத்தவள் கல்லறையிலிருந்து ஆவியாக எழுந்து வரும்போதும் காதுத் தொங்கட்டானை மறக்காமல் எடுத்து வருவாள். தலையில் அந்த வருஷத்து நெற்றிச்சுருள். எகிப்தியப் பெண்ணுக்கும் அதே சுருள்தான்.

நகை என்றால் வெறும் நகை இல்லை, வாங்கிக் கொடுத்தவரின் விலாசம். முத்து என்றால் ஒரு வியாபாரி. மரகதம் என்றால் காவல்படை கர்னல், கடன்காரக் கர்னலாகவும் இருக்கலாம். பெரிய வைரம் என்றால் பெயரைச் சொல்லாமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்திக் காட்ட வேண்டிய ஆள். வெறும் கழுத்து என்றால் யாரும் இல்லை. யாரும் இல்லாதவள் எப்படி ஆடுகிறாள் என்று பார்க்க யாருக்கு நேரம்?

இந்தப் பாஷையைக் கரைத்துக் குடித்தவர்கள் முன்வரிசைக்காரர்கள். அந்த இருக்கைகள் அப்பனிடமிருந்து மகனுக்கு வரும் சொத்து. அவர்களுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஜெனரல் த்ரூபின். போர்க்களத்தில் அவர் என்ன பார்த்தாரோ தெரியாது. இங்கே நாற்பது வருஷமாகத் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுத்ததில்லை. அவர் கை தட்டினால் முன்வரிசை தட்டும், முன்வரிசை தட்டினால் அரங்கம் தட்டும். அரங்க நிர்வாகி பாரன் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் யாருக்குப் பதவி, யாருக்குப் பட்டினி என்று பட்டியல் போடுவார்.

பட்டியலில் கடைசி இடத்துக்கு 'தண்ணீர்ப் பக்கம்' என்று பெயர். பின்திரையில் வரைந்திருக்கும் நீரூற்றை ஒட்டி நிற்கிற கடைசி வரிசை அது. அங்கே ஒன்பது வருஷமாக நின்றவள் லுகேரியா சொரோக்கினா, எங்களுக்கு லூஷா. சலவைக்காரி மகள். பள்ளியில் முதலாவதாகத் தேறியவள். அவள் கால்களைப் பற்றி நடன மாஸ்டரே ஒருமுறை, கழுதைகளுக்கு நடுவே ஒரு கழுதை கொஞ்சம் யோசிக்கிறது என்று சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்ததில்லை.

அந்த ஜனவரியில் 'லிஸ்பன் பிச்சைக்காரி' ஓடிக்கொண்டிருந்தது. எங்களில் யாரும் லிஸ்பனைப் பார்த்ததில்லை. பின்னால் பனிமலை தெரிந்தது, ஏனென்றால் வேறொரு பாலேவின் திரை மிச்சமிருந்தது. பிச்சைக்காரியாக ஆடியவள் எங்கள் முதல் நட்சத்திரம் ஒலிம்பியாதா. இரண்டாம் காட்சியில் மாளிகை வாசலில் கல்யாண விருந்து. வருகிற விருந்தாளிகளிடம் பிச்சைக்காரி கை நீட்டியபடி ஆட வேண்டும். ஒலிம்பியாதா கை நீட்டினால் மோதிரத்துக்கு விலை கேட்கிற மாதிரி இருக்கும்.

திடீரென்று ஒலிம்பியாதாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆடுகிறவளுக்குத் தொண்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய வைரங்களை வாங்கிக் கொடுத்தவரும் அதே வாரம் நீஸ் நகரத்துக்குக் காற்று வாங்கக் கிளம்பியிருந்தார், தொண்டைக்கு அந்தக் காற்று நல்லதாம். அடுத்த இடத்தில் இருந்தவள் ஆறு மாதக் கர்ப்பம். அதற்கடுத்தவள் மாஸ்டரோடு சண்டை. ஒன்பது வருஷம் பின்னால் நின்று பார்த்தே முழு ஆட்டத்தையும் மனப்பாடம் செய்திருந்தவள் லூஷா ஒருத்திதான்.

பாரன் அவளைக் கூப்பிட்டு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"ஞாயித்துக்கிழமை நீ ஆடு. முன்வரிசைக்குப் பிடிச்சிருந்தா தனிநடனப் பட்டியல்ல சேர்த்துடறேன். பிடிக்கலைன்னா பென்ஷன் வரைக்கும் தண்ணிப் பக்கம்தான். அதுக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு, ஐயா."

"நல்ல இடம்தான் அதுவும். காத்தோட்டமா இருக்கும்."

சனிக்கிழமை ஒத்திகைக்கு ஜெனரல் த்ரூபின் வந்தார். லூஷா ஆடி முடித்ததும் மேடைப் படியேறி அவளைச் சுற்றி வந்தார், குதிரைச் சந்தையில் சுற்றுகிற மாதிரி. கால் பக்கம் குனியவே இல்லை.

"இந்தப் பொண்ணுக்கு யாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"யாரும் இல்லீங்க."

"சும்மா சொல்லாதே."

"அம்மா மட்டும் இருக்காங்க. துணி துவைக்கிறாங்க."

ஜெனரல் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதுதான் கொடுமை. "அடடா! ஆடறா, ஆடறா, ஆனா கழுத்தப் பாரு. சாமான் இல்லாத வீடு மாதிரி இருக்கு. மனுஷன் எதைப் பார்த்துக் கை தட்டறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலை சாமான் கிடங்குக்குப் போனேன். வேறொரு பாலேவின் அரண்மனைக் காட்சிக்குத் தொங்கவிடுகிற பெரிய சரவிளக்கு அங்கே கோணி போர்த்திக் கிடந்தது. கத்தரிக்கோலால் பதினொரு கண்ணாடித் துளிகளை வெட்டி எடுத்தேன். வினிகரில் கழுவி, கருப்பு வெல்வெட் நாடாவில் கோத்துத் தைத்தேன். நடுவில் தொங்கியது புறா முட்டை அளவு. அதைக் கட்டிவிட்டபோது லூஷா கண்ணாடியைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"ஐயோ அத்தை, பிச்சைக்காரிக்கு எதுக்கு வைரம்?"

"உங்க ஒலிம்பியாதா போட்டுக்கல?"

"அவங்க பிச்சைக்காரி இல்லையே."

"நீயும் இல்லாம இருக்கணும்னா போட்டுக்கோ. வாய மூடிக்கிட்டுத் திரும்பு, நாடா இறுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் மேடைக்குள் ஓடி வந்ததும் மின்விளக்கு அந்தப் பதினொன்றிலும் பட்டது. முன்வரிசையில் தொலைநோக்கிகள் ஒன்றாக உயர்ந்தன. பக்கத்திரை ஓரத்தில், திரையில் உள்ள சின்ன ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனரலின் உதடு எண்ணியது: ஒன்று, இரண்டு, மூன்று. நடுக்கல் வந்ததும் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. பிறகு கை தட்டினார் பாருங்கள், பனிமலை ஆடியது.

இடைவேளையில் புகை அறை முழுக்க ஒரே கேள்வி: யார்? ஒருவர் ஒரு இளவரசர் பெயரைச் சொன்னாராம். இன்னொருவர், இவ்வளவு பெரிய கல்லை இளவரசரால் தாங்க முடியாது, இன்னும் மேலே என்றாராம். அதற்கு மேலே என்றால் பெயரே சொல்லக்கூடாது. எல்லோரும் கண்ணை மேலே உயர்த்திவிட்டுத் தேநீர் குடித்தார்கள்.

பாரன் உடைமாற்றும் அறைக்கே வந்தார். அவர் அந்தக் கதவைத் தட்டியதை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். வழக்கமாகத் திறந்துகொண்டே வருவார்.

"லுகேரியா இவானவ்னா," என்று தகப்பன் பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டார். அவளுக்குத் தகப்பன் ஒருவன் இருந்தான் என்று ஒன்பது வருஷம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறார். "நான் எதுவும் கேக்க மாட்டேன். கேக்கவே மாட்டேன்."

லூஷா பொய் சொல்லத் தெரியாத ஜன்மம். "ஐயா, இது கண்ணாடி. விளக்குல இருந்து எடுத்தது. பலாஷா அத்தைதான்..."

பாரன் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு மெல்லச் சிரித்தார்.

"கண்ணாடி! இப்படித்தான் சொல்லச் சொன்னாங்களா? எவ்வளவு அடக்கம், பாருங்க. சரிம்மா, கண்ணாடிதான். யாரு கேட்டாலும் நானும் கண்ணாடின்னே சொல்றேன்."

மறுநாள் பத்திரிகையில் இருபது வரி வந்தது. பதினைந்து வரி கழுத்தணி. கற்களின் எண்ணிக்கை, நீரோட்டம், வெட்டு, எந்த நாட்டுச் சுரங்கம் என்பது வரைக்கும் எழுதியிருந்தார்கள். கடைசி வரி: 'கால்களும் சுத்தம்.' அந்த வாரமே லூஷா தனிநடனப் பட்டியலில் ஏறினாள்.

முதல் சில நாள் அவள் தரையில் நிற்கவில்லை. அம்மாவுக்குக் கம்பளி ஷால் வாங்கினாள். எனக்கு முட்டைகோஸ் வைத்துச் சுட்ட பிரோக் ரொட்டி ஒரு கூடை கொண்டுவந்து, "சாப்பிடுங்க அத்தை, உங்க விளக்குலதான் என் வீட்டுல வெளிச்சம்" என்றாள். நானும் வாய் நிறையத் தின்றேன். என் கைவேலையை நினைத்து எனக்கே கர்வம்.

இரண்டாவது ஆட்டம் முடிந்த மறுநாள் ஒத்திகையிலிருந்து அழுதுகொண்டு வந்தாள்.

"என்னடி, மாஸ்டர் திட்டினாரா?"

"திட்டலை அத்தை."

"அப்புறம் என்ன?"

"திட்டவே மாட்டேங்கறாரு. மூணாவது சுத்துல எனக்குக் குதிகால் தப்பிடுச்சு, எனக்கே தெரியுது. அவரு கம்பைத் தரையில தட்டலை, கழுதைன்னு சொல்லலை. 'அற்புதம், அற்புதம்'னு சொல்லிட்டு மூஞ்சத் திருப்பிக்கறாரு. பயப்படறாரு அத்தை. அந்த மேல இருக்கற ஆளுக்குப் பயப்படறாரு."

"பயப்படட்டுமே. இத்தனை வருஷம் நீதானே பயந்தே?"

"அப்போ நான் ஆடறது நல்லாருக்கா இல்லையான்னு யாருதான் சொல்லுவா? பத்திரிகைக்காரன் கல்லுக்குப் பதினஞ்சு வரி எழுதறான், என் காலுக்கு ரெண்டு வார்த்தை. கூட ஆடறவளுங்க வழி விட்டு ஒதுங்கறாளுங்க. என்கிட்ட எல்லாரும் பேசறாங்க, என்கிட்ட யாருமே பேசலை."

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். புத்தி கெட்ட ஆறுதல். சம்பளம் ஏறியிருக்கிறது, வாயை மூடிக்கொண்டு ஆடு என்கிற மாதிரி. அவள் கேட்டுக்கொண்டதாகத்தான் நினைத்தேன்.

மூன்றாவது ஆட்டம் புதன்கிழமை. திரை தூக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கழுத்தணியை எடுத்தேன். அவள் தள்ளிவிட்டாள். நெற்றிச்சுருளையும் தண்ணீர் தொட்டு நேராக வாரியிருந்தாள். தோளிலிருந்த இரண்டு பட்டு ஒட்டுகளைப் பல்லாலேயே பிய்த்திருந்தாள், நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னடி கோலம்?"

"பிச்சைக்காரிக் கோலம்."

"பைத்தியமா உனக்கு? இன்னும் ஒரு மாசம் போகட்டும், பெயர் நிக்கட்டும், அப்புறம் கழட்டி எறி. இப்ப கழட்டினா என்ன நினைப்பாங்க தெரியுமா?"

"என்ன வேணா நினைக்கட்டும். ஒரே ஒரு தடவை என் கால் நல்லாருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும் அத்தை. நல்லா இல்லைன்னா நானே தண்ணிப் பக்கம் போயிடறேன். இது தெரியாம பதினொரு வருஷம் ஆட முடியாது."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மணி அடித்தது, போய்விட்டாள். நான் கழுத்தணியும் கையுமாகப் பக்கத்திரைக்கு ஓடினேன். அங்கே வழக்கம்போலத் தீயணைப்புக்காரர் யெவ்சேய், பித்தளைத் தொப்பியோடு தண்ணீர் வாளி பக்கத்தில் நின்றிருந்தார். ஆடுகிறவளின் பாவாடையில் நெருப்பு பிடித்தால் அணைக்க வேண்டும். அதனால் மேடையிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது, ஆடுகிறவர்களோடு பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. கிராமத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கல்லின் பாஷை அவருக்குத் தெரியாது. ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு என் ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

தொலைநோக்கிகள் உயர்ந்தன. ஜெனரலின் உதடு எண்ணத் தயாரானது. எண்ண ஒன்றும் இல்லை. தொலைநோக்கியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கைக்காரர் காதில் ஏதோ சொன்னார், அவர் அடுத்தவர் காதில் சொன்னார். முன்வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. அன்று யாரும் சீட்டி அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை. அதைவிட மோசமாக, பரிதாபப்பட்டார்கள். ஜெனரல் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன். கடைசியில் சாவு வீட்டில் தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டினார்.

இடைவேளையில் என்னைத் தேடி வந்துவிட்டார். "பாவம், பச்சைப் பிள்ளை. விட்டுட்டாரா?"

"யாரு விட்டுட்டாரு?"

"என்கிட்டயே மறைக்கறியே. கல்லைத் திருப்பி வாங்கிட்டாரா? பெரிய இடம் இப்படித்தான். தலையக்கூட வாரிக்காம வந்துருக்கா பாரு, மனசு எவ்வளவு உடைஞ்சிருக்கணும்!"

"ஆட்டம் எப்படிங்க இருந்தது?" என்று கேட்டேன்.

"ஆட்டமா?" ஜெனரல் யோசித்தார். "அந்த நிலைமையில ஆட்டத்தை யாரும்மா பார்ப்பா?"

பாரன் அன்று கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டே வந்து, சொரோக்கினா என்று கூப்பிட்டு, உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று நினைக்கிறேன் என்றார். பத்து நாளில் ஒலிம்பியாதாவின் தொண்டை நீஸ் காற்றில் குணமாகி, தலையில் புதிதாக ஒரு வைர நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது. லிஸ்பனில் மறுபடி பிச்சை எடுக்க ஆரம்பித்தாள். கண்ணாடித் துளிகளை நான் பழையபடி சரவிளக்கில் கட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு அரண்மனைக் காட்சியில் ஜெனரல் அந்த விளக்கைப் பார்த்து, "மலிவுக் கண்ணாடி, இங்கேருந்தே தெரியுது" என்றாராம்.

லூஷா தண்ணீர்ப் பக்கத்துக்குத் திரும்பிய முதல் நாள், பக்கத்திரையில் நிற்கும்போது அவள் முதுகில் ஒரு கொக்கி விட்டுக்கொண்டது. நான் ஓடிப்போய் மாட்டினேன். யெவ்சேய் வாளி பக்கத்தில் நின்றிருந்தார். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அத்தை, அந்தப் புதன்கிழமை நீங்க இங்கதானே நின்னீங்க?"

"ஆமாண்டி."

"எப்படி ஆடினேன்?"

"ரொம்ப நல்லா ஆடினே. தங்கம்."

"மாளிகை வாசல்ல மூணாவது விருந்தாளி வரப்போ என்ன பண்ணினேன்?"

கொக்கி என் விரலில் நின்றுவிட்டது. இடுப்பில் எத்தனை கொக்கி என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன்.

"கை நீட்டினே," என்றேன்.

"எல்லாரும்தான் கை நீட்டுவாங்க அத்தை."

அவள் அப்படிச் சொன்னதில் கோபமே இல்லை. எனக்கு அது இன்னும் தாங்கவில்லை. அப்போது யெவ்சேய் தொண்டையைக் கனைத்தார். உத்தரவை மீறி அவர் பேசிக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"நீட்டிட்டு எடுத்துக்கிச்சும்மா இந்தப் பொண்ணு," என்றார் என்னிடம். "அந்த ஆளு பையில கை விடறதுக்கு முன்னாடியே கையை இழுத்து முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிச்சு. வெக்கப்பட்டு. எங்க ஊர்ல விளைச்சல் பொய்ச்ச வருஷம் சின்னப் பொண்ணுங்க முதல் தடவை பிச்சைக்கு வந்தா அப்படித்தான் செய்யுங்க. நான் நிசமுன்னு நினைச்சுட்டேன். பையில துழாவி மூணு கோபெக் காசைக் கையில எடுத்துட்டேன். அப்புறம்தான் ஆட்டம்னு ஞாபகம் வந்துச்சு."

லூஷா சட்டென்று திரும்பினாள். கொக்கி மறுபடி விட்டுக்கொண்டது. அவள் முகத்தில் இருந்ததைச் சிரிப்பு என்பதா அழுகை என்பதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மூணு கோபெக்கா?"

"அவ்வளவுதாம்மா இருந்துச்சு."

மணி அடித்தது. விட்டுப்போன கொக்கியோடே அவள் ஓடிப்போய் நீரூற்றுப் பக்கம் தன் இடத்தில் நின்றாள். அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் முழங்கால் நேராக, கழுத்து நிமிர்ந்து நின்றாள்.

இருபத்தேழு வருஷமாக முன்வரிசைக்காரர்களைக் குருடர்கள் என்று திட்டியிருக்கிறேன், இன்றும் திட்டுகிறேன். ஆனால் அந்தப் புதன்கிழமை மேடை எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது, நான் ஒரு ஓட்டையில் கண்ணை வைத்து ஜெனரலின் தொலைநோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை.